ட்விஸ்ட் இல்லாமல் ஒரு குறும்படமா?

கேள்வி இதுதான்: “யூடியூபில் நிறையக் குறும்படம் பார்க்கிறேன். பாதிப் படம் கடைசி நிமிட ட்விஸ்ட்டுக்காகவே எடுத்தது, மீதிப் பாதி கருத்து சொல்கிறது. வெளிநாட்டுக் குறும்படங்களும் இப்படித்தானா? பார்ப்பதானால் எங்கே ஆரம்பிக்கலாம்?”

அங்கேயும் இப்படிப்பட்ட படங்கள் ஏராளம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு என்பதாலேயே ஒன்றும் தரமாகிவிடாது. ஆனால் வேறு மாதிரியான படங்களும் அறுபது எழுபது வருடமாக வந்துகொண்டே இருக்கின்றன, நம் கண்ணில் அவை படுவதில்லை, அவ்வளவுதான்.

நம்மூரில் ட்விஸ்ட் எப்படி இவ்வளவு கட்டாயமானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2009 வாக்கில் கலைஞர் டிவியில் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி வந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்ரன் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் நீட்டுகிற விசிட்டிங் கார்டு என்று ஆகிவிட்டது. எட்டு நிமிடத்துக்குள் ‘இந்தப் பையனுக்குக் கதை சொல்லத் தெரியும்’ என்று நிரூபித்தாக வேண்டும் என்றால், ட்விஸ்ட்டைவிடச் சுலபமான வழி கிடையாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ‘விப்லாஷ்’ முதலில் 18 நிமிடக் குறும்படம், முழுப்படத்துக்குப் பணம் திரட்டுவதற்காகவே எடுத்தது. 2013 சண்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கியது, அடுத்த வருடமே பெரிய படமாக வந்துவிட்டது.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது இந்த வகையை அல்ல. நீட்டவே முடியாத படங்கள் என்று ஒரு ஜாதி இருக்கிறது. இரண்டு மணி நேரமாக்கினால் செத்துப்போகும்.

உதாரணத்துக்கு ‘இல்யா தாஸ் ஃப்ளோரெஸ்’, பூக்களின் தீவு என்று அர்த்தம். பிரேசில், 1989, ஜோர்ஜி ஃபுர்தாடோ எடுத்தது, பதின்மூன்று நிமிடம். முதல் படமாக எதைப் பார்ப்பது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பார்த்து முடித்தவர் யாரும் ‘குறும்படம்னா இவ்வளவுதானா’ என்று திரும்பக் கேட்டதில்லை. ஒரு தக்காளியின் கதை. சுஸுகி என்ற ஜப்பானியர் தோட்டத்தில் விளைகிறது, சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறது, வாசனைத் திரவியம் விற்றுச் சம்பாதிக்கிற ஒரு அம்மா வாங்குகிறார், பன்றிக்கறிக் குழம்புக்கு இது சரிப்படாது என்று ஒரு தக்காளியை மட்டும் குப்பையில் போடுகிறார். பின்னணியில் ஒரு குரல் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே போகும்: தக்காளி என்றால் என்ன, பணம் என்றால் என்ன, மனிதன் என்றால் என்ன (நன்கு வளர்ந்த மூளையும், மற்ற விரல்களைத் தொடக்கூடிய கட்டைவிரலும் உள்ள பிராணி). படங்கள் சடசடவென்று மாறும், கார்ட்டூன், பழைய போட்டோ, விளம்பரம், கலைக்களஞ்சியப் படம் என்று. முதல் ஐந்து நிமிடம் நன்றாகச் சிரிப்பீர்கள்.

அப்புறம் அந்தத் தக்காளி குப்பை லாரியோடு போர்ட்டோ அலெக்ரே நகரத்துத் தீவு ஒன்றுக்குப் போகிறது. அங்கே ஒருவருக்குச் சொந்தமாகப் பன்றிகள் உண்டு. குப்பையில் பன்றிக்கு ஏற்றதைப் பொறுக்கிப் பன்றிக்குப் போடுகிறார்கள். பன்றிக்கு ஆகாது என்று கழித்ததை எடுத்துக்கொள்ள, வேலிக்கு வெளியே வரிசையில் நிற்கிற பெண்களையும் குழந்தைகளையும் பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஐந்து நிமிடம். அந்தக் குரல் மாறவே மாறாது. தக்காளிக்கு விளக்கம் சொன்ன அதே தொனியில் இதையும் சொல்லிக்கொண்டு போகும். பன்றிக்குச் சொந்தக்காரர் உண்டு, பணம் உண்டு, அதனால் அதற்கு முதல் பந்தி. இவர்களுக்குச் சொந்தக்காரரும் இல்லை, பணமும் இல்லை. கணக்கு மாதிரி. நீங்கள் சிரித்த சிரிப்பு எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியாது. 1990 பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கிய படம். (காட்சிகளின் பெரும்பகுதி உண்மையில் பக்கத்துத் தீவு ஒன்றில் எடுத்தது. அந்தப் பெயரில் ஒரு தீவு இருக்கிறது என்பது மட்டும் நிஜம்.)

இந்த மாதிரிப் படம் பிரேசிலில் சாத்தியமானதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. வெளிநாட்டுப் படம் ஓட்டுகிற தியேட்டர், அதற்கு முன்னால் ஒரு பிரேசில் குறும்படத்தை ஓட்டியாக வேண்டும் என்று 1975-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நம் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் ஓடுமே, ஜனங்கள் முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே வருகிற நேரம், அதுபோல. ஆனால் அங்கே அந்த இடம் தனியாகப் படம் எடுக்கிற இளைஞர்களுக்குக் கிடைத்தது.

அடுத்து ஈரான். அப்பாஸ் கியாரொஸ்தமியின் முதல் படம் ‘ரொட்டியும் சந்தும்’, 1970. பத்துப் பன்னிரண்டு நிமிடம், கறுப்பு வெள்ளை, வசனமே இல்லை. ஒரு பையன் ரொட்டி வாங்கிக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்கு வருகிறான், வழியில் ஒரு நாய் குரைக்கிறது. கதை அவ்வளவுதான். பையன் பின்வாங்குகிறான், யாராவது பெரியவர் வந்தால் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விடலாம் என்று காத்திருக்கிறான். காதில் கருவி மாட்டிய ஒரு தாத்தா வருகிறார், பின்னாலேயே போகிறான், நாய் வருவதற்கு முன்னாலேயே தாத்தா வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். நாய்க்குப் பயந்து தெருமுனையில் நின்ற அனுபவம் உள்ள யாருக்கும் இந்தப் படத்துக்குச் சப்டைட்டில் தேவையில்லை.

கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துப் போடுகிறான், நாய் வாலாட்டிக்கொண்டு வீடுவரை வருகிறது, பையன் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறான், நாய் வாசலில் படுத்துக்கொள்கிறது. இதை மூன்று துண்டாக எடுத்து ஒட்டிவிடலாம் என்றார் ஒளிப்பதிவாளர். அனுபவசாலி, அவர் சொன்னதுதான் வழக்கமான முறை. கியாரொஸ்தமி புதுசு, ஆனால் பையனும் நாயும் ஒரே ஷாட்டில் சேர்ந்து வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்த ஒரு ஷாட்டுக்கு நாற்பது நாள் ஆனது என்றும், மூன்று முறை நாயை மாற்ற வேண்டியிருந்தது என்றும் பின்னால் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பார்க்கிறபோது இது எதுவும் தெரியாது. ஆனால் அந்த வாசல் நிஜமான வாசலாக இருக்கும். அப்புறம் இன்னொரு சிறுவன் கையில் கிண்ணத்தோடு வருவான், நாய் தலை தூக்கும், படம் முடியும்.

அவருடைய ‘ஒரு பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்’ (1975) இதைவிடச் சின்னது, ஐந்து நிமிடம்கூட வராது. இரவல் வாங்கிய நோட்டு கிழிந்து வருவதில் ஆரம்பிக்கிற இரண்டு பையன்களின் சண்டை. முழுக்க முழுக்கக் கருத்துப் படம் அது, ஆனால் அந்தக் கருத்து ஒரு கணக்கு வாத்தியார் போர்டில் போட்டுக் காட்டுவதுபோல வரும். கருத்து சொல்கிற படமே கூடாது என்று நான் சொல்லவில்லை, அழுது சொல்லாதீர்கள் என்கிறேன்.

மூன்றாவது, செனகலின் உஸ்மான் செம்பேன். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாவலாசிரியர். தன் மக்களில் பெரும்பாலோருக்குத் தன் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது என்பதால் நாற்பது வயதுக்கு அருகில் மாஸ்கோ போய் சினிமா கற்றுக்கொண்டு வந்தார். 1963-இல் எடுத்த ‘போரோம் சரெட்’ இருபது நிமிடம் இருக்கும். டக்கார் நகரத்தில் ஒரு குதிரை வண்டிக்காரனின் ஒரு நாள். காலையில் ஏறுகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்தார், காசு கொடுக்கமாட்டார்கள். ஊனமுற்ற பிச்சைக்காரர் கை நீட்டுகிறார், கண்டுகொள்ளாமல் இருக்கிறான். ஆனால் ஒரு பாட்டுக்காரர் வந்து அவன் முன்னோர்களின் பெருமையைப் பாட, அன்றைய சம்பாத்தியத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறான்! திருவிழா மேடையில் பெயர் சொல்லிப் பாடினால் சட்டைப்பைக்குள் கைவிடுகிற நம்மூர் ஆட்கள் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரிப்பு அதோடு சரி. இறந்துபோன கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் ஏறுகிறார், காகிதம் சரியில்லை என்று கல்லறையில் அவரை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள், வண்டிக்காரன் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். பிறகு கோட்டு சூட்டு போட்ட ஒருவரின் பேச்சை நம்பிப் பணக்காரர்கள் வாழும் பகுதிக்குள் வண்டியை விடுகிறான், அங்கே வண்டி போகக் கூடாது, போலீஸ்காரர் வண்டியைப் பறிமுதல் செய்கிறார். வெறுங்கையோடு குதிரையை நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு ‘இன்று ராத்திரி சாப்பிடுவோம்’ என்று சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்லாது. படப்பிடிப்பில் நேரடி ஒலிப்பதிவுக்கு வழி இல்லை, பேச்சு எல்லாம் பிற்பாடு சேர்த்தது, வாயசைவும் குரலும் ஒட்டாது. முதல் இரண்டு நிமிடம் உறுத்தும், அப்புறம் அந்தக் குரல் அவன் மனசுக்குள் ஓடுவது போலவே ஆகிவிடும்.

சுயாதீனம், இண்டிபெண்டன்ட் என்று ஒரு வார்த்தையை எல்லாப் படத்துக்கும் ஒட்டுகிறோம், அது ரொம்ப வழுக்குகிற வார்த்தை. காசு யாருடையது என்று கேட்டுக்கொண்டே போனால் வேடிக்கையாக இருக்கும். 1929-இல் ஸ்பெயின் இயக்குநர் புனுவலும் ஓவியர் டாலியும் சேர்ந்து எழுதிய ‘ஆண்டலூசிய நாய்’ படத்துக்குப் பணம் கொடுத்தது புனுவலின் அம்மா. மாயா டெரன் 1943-இல் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ எடுத்தது லாஸ் ஏஞ்சலஸில் சொந்த வீட்டுக்குள், கணவரோடு சேர்ந்து, 16 எம்எம் கேமராவில், நடித்ததும் அவர்களே. ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஹாலிவுட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கனவு. இவை சுயாதீனம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் கியாரொஸ்தமிக்குச் சம்பளம் கொடுத்தது சிறுவர்களுக்கான ஓர் ஈரானிய நிறுவனம், அதுவும் மன்னர் ஷா காலத்து அரசு ஆதரவில். ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரூக்ஸாத் எடுத்த ஒரே படமான ‘வீடு கறுப்பாயிருக்கிறது’, தொழுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கம் பிரச்சாரத்துக்காகக் கேட்டு எடுத்தது.

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தப்ரீஸ் நகருக்கு அருகில் தொழுநோயாளிகள் குடியிருப்பு, பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு, 22 நிமிடம். வகுப்பறையில் ஆசிரியர் கேட்கிறார்: அழகான பொருள்கள் சில சொல்லு. பையன் சொல்கிறான், நிலா, சூரியன், பூ, விளையாட்டு. இன்னொரு பையனிடம், அசிங்கமான பொருள்கள்? ‘கை, கால், தலை.’ வகுப்பே சிரிக்கிறது. யாரோ கேட்டு, யாரோ காசு கொடுத்து எடுத்த படம்தான், ஆனால் இந்த இடத்தில் எந்தச் சங்கமும் கைவைக்க முடியாது. அங்கிருந்த ஒரு பையனைத் தத்தெடுத்துத் தெஹ்ரானுக்குக் கூட்டிப்போனார் ஃபரூக்ஸாத். 1963-இல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் பரிசு கிடைத்தது. ஓபர்ஹவுசன் 1954 முதல் நடக்கிற விழா. 1962-இல் 26 இளைஞர்கள் ‘பழைய சினிமா செத்துவிட்டது’ என்று அறிக்கை விட்டது அங்கேதான்.

இந்த வரிசையில் கியூபாவின் சந்தியாகோ அல்வாரெஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனத்தில் வேலை, அமெரிக்கத் தடையால் கையில் ஃபுட்டேஜ் அதிகம் கிடையாது. பெரும்பாலும் பத்திரிகைகளில் வந்த போட்டோக்களை வைத்து அமெரிக்கக் கறுப்பின மக்கள் மேல் நடந்த வன்முறையைப் பற்றி ‘நவ்’ என்று ஆறு நிமிடப் படம் (1965), அமெரிக்கப் பாடகி லீனா ஹார்ன் பாட்டுக்கு வெட்டியது. இரண்டு போட்டோவும் கொஞ்சம் இசையும் ஒரு எடிட்டிங் மேசையும் கொடுங்கள், படம் தருகிறேன் என்பார் மனிதர். இன்று ரீல்ஸ் வெட்டுகிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வேண்டும்.

புதிய படங்கள்? ஆஸ்கார் பட்டியலில் வருகிற குறும்படங்களை (அங்கே 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம்) நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கதைச் சுருக்கத்தைக் கேட்டாலே கண்ணீர் வருகிற மாதிரிச் செய்திருப்பார்கள். ஆனால் ஹங்கேரியின் ‘மின்டென்கி’யை விட்டுவிடாதீர்கள், 2017-இல் ஆஸ்கார் வாங்கியது. பள்ளிச் சேர்ந்திசைக் குழுவுக்கு ஒரு புதுச் சிறுமி வருகிறாள். டீச்சர் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்கிறார். மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேர் நிஜமாகப் பாடுகிறார்கள் என்பதுதான் படம். முடிவு ட்விஸ்ட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய வேறு வழியே இல்லை என்கிற இடத்திலிருந்து வருகிறது, அதனால் முடிவு தெரிந்து இரண்டாம் முறை பார்த்தாலும் நிற்கும். யூடியூப் ட்விஸ்ட் படங்களை இப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள், முக்கால்வாசி நிற்காது.

ஃபரா நபுல்சியின் ‘தி பிரெசன்ட்’ (2020): பாலஸ்தீனத்தில் அப்பாவும் சின்ன மகளும் கல்யாண நாளுக்கு அம்மாவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறார்கள், நடுவில் சோதனைச் சாவடி. நம்மூரில் டாட்டா ஏஸில் போட்டு அரை மணியில் முடிகிற வேலை. ஒரு ஃப்ரிட்ஜின் அகலத்துக்குள் இவ்வளவு அரசியலை அடைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. டான் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் ‘வேர்ல்ட் ஆஃப் டுமாரோ’ (2015) அனிமேஷன், குச்சி மனிதர்கள்தான். நான்கு வயது மருமகள் விளையாடும்போது பேசியதைப் பதிவு செய்து, அதைச் சுற்றி வசனம் எழுதியிருக்கிறார். பெரியவர்கள் மரணம், நினைவு என்று பேசிக்கொண்டிருக்க, குழந்தை தன்பாட்டுக்குத் தன் கார் பொம்மையைப் பற்றிப் பேசுகிறது.

இவையெல்லாம் ஏன் சுலபமாகக் கிடைப்பதில்லை என்றால், குறும்படத்துக்குச் சந்தையே விழாக்கள்தான். பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் ஜனவரி கடைசியில் தொடங்கி நடக்கும் விழாதான் குறும்படத்துக்கு உலகிலேயே பெரியது. ஐரோப்பிய டிவிக்காரர்கள் அங்கே வந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்குவார்கள், துணிக்கடையில் மீட்டர் கணக்கு மாதிரி. கான் விழாவுக்கு நான்காயிரத்துக்கும் மேல் குறும்படங்கள் வருகின்றன, போட்டிக்கு எடுப்பது பத்துப் பதினொன்று. பல விழாக்கள் நெட்டில் ஏற்றிய படத்தை எடுப்பதில்லை, அதனால் படம் ஒன்றரை இரண்டு வருடம் பூட்டியே கிடக்கும். பிறகு யூடியூப் மாதிரியான விமியோ தளத்தில் வரும். அதன் ஸ்டாஃப் பிக்ஸ் பகுதியும், ‘ஷார்ட் ஆஃப் த வீக்’ தளமும் நல்ல சல்லடைகள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் தளத்திலேயே நிறையப் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறித் திருவனந்தபுரம் போங்கள். கேரள சலச்சித்ர அகாடமி 2008 முதல் அங்கே குறும்பட, ஆவணப்பட விழா நடத்துகிறது. இருட்டில் முந்நூறு பேரோடு உட்கார்ந்து பார்க்கிற பத்து நிமிடப் படமும் போனில் பார்க்கிற பத்து நிமிடப் படமும் ஒன்றல்ல.

நீங்கள் எடுக்கிற ஆளாகவும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. நானும் நண்பனும் எடுத்த ஒன்றை ஐரோப்பிய நகரத்தின் பெயர் தாங்கிய ஒரு ‘சர்வதேச விழா’வுக்கு அனுப்பினோம், கட்டணம் டாலரில். இரண்டே வாரத்தில் சிறந்த படம் என்று சான்றிதழ் வந்தது, போஸ்டரில் போட்டுக்கொள்ள விழா முத்திரையான இலைவளையமும் வந்தது, ஊரில் பேனர் வைக்காத குறைதான். பிறகுதான் விசாரித்தோம், அந்த விழாவுக்குத் தியேட்டரே கிடையாது. கோப்பை வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டச் சொன்னார்கள். பணம் கட்டும் முன் எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிடுகிறீர்கள் என்று ஒரு மெயில் போடுங்கள். பதில் வராது, காசு மிஞ்சும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ‘பூக்களின் தீவு’ முதலில், ‘ரொட்டியும் சந்தும்’ இரண்டாவது, அன்றைக்கு அவ்வளவு போதும். ஒரே ராத்திரியில் பத்துப் படம் பார்த்தால் எல்லாம் கலந்து கூழாகிவிடும். மறுநாள் தூங்கப் போகும் முன் லாட்வியாவின் ஹெர்ஸ் ஃபிராங்க் 1978-இல் எடுத்த ‘பத்து நிமிடம் மூத்தவன்’. ஒரே ஷாட், பத்து நிமிடம், வசனம் இல்லை. பொம்மலாட்டம் பார்க்கிற ஒரு சின்னப் பையனின் முகம். சிரிக்கிறான், பயப்படுகிறான், கண் நிறைகிறது, மறுபடி சிரிக்கிறான், நடுவில் ஓரிடத்தில் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோகிறான். மேடையை ஒரு தடவைகூடக் காட்டமாட்டார்கள். நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன், அங்கே பொம்மைகள் அப்படி என்னதான் செய்தன என்று இன்னும் எனக்குத் தெரியாது.